வாசகர் கேள்வி – பதில்: எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது?

கேள்வி: என் குழுவில் ஒருவர் வாராந்திர அறிக்கையைத் தொடர்ந்து தாமதமாகத் தருகிறார். கேட்டால், "எப்பப் பார்த்தாலும் என்னையேதான் குறை சொல்றீங்க" என்கிறார்.

பதில்: நீங்கள் "எப்பவுமே லேட்" என்றால், நேரத்துக்குக் கொடுத்த ஒரு நாளைத் தேடி எடுத்து வாதாடுவார். "பொறுப்பே இல்லை" என்றால் தன் குணத்துக்கு வக்காலத்து வாங்குவார். அறிக்கைப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

'சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப்' என்ற பயிற்சி நிறுவனம் இதற்கு ஒரு வரிசையைச் சொல்லித் தருகிறது: எப்போது நடந்தது, அவர் என்ன செய்தார், அதனால் என்ன ஆனது. "திங்கள் பத்து மணிக்கு வர வேண்டிய அறிக்கை, போன இரண்டு வாரமும் மாலை நாலு மணிக்குத்தான் வந்தது. கணக்குப் பிரிவுல ராத்திரி எட்டு மணி வரைக்கும் உட்கார வேண்டியதாப் போச்சு." இதில் அவர் மறுக்க ஒன்றுமில்லை. அடுத்து, "எங்க சிக்குது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்: சில விநாடி மௌனம் தாங்காமல் காரணத்தையும் தாங்களே சொல்லிவிடுவார்கள். அவருக்குத் தரவு அனுப்புகிறவரே தாமதிக்கிறார் என்றால், நீங்கள் பேச வேண்டிய ஆள் வேறு.

தனியறையில், 15 நிமிடம் போதும். எதை, எந்தத் தேதிக்குள் என்று முடிவானதை அன்றே இரண்டு வரி மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். முன்னும் பின்னும் பாராட்டி நடுவில் குறையைச் செருகும் உத்தியில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. பிறகு நீங்கள் மனதாரப் பாராட்டினாலும், 'அடுத்து என்ன வரப்போகுதோ' என்றுதான் நிற்பார்.

கேள்வி: பணத்தைப் பற்றிப் பேசினாலே என் கணவர் குரலை உயர்த்துகிறார், இல்லாவிட்டால் எழுந்து போய்விடுகிறார். இது அவமதிப்புதானே?

பதில்: பெரும்பாலும் இல்லை. தம்பதிகளின் வாக்குவாதங்களை ஆய்வகத்தில் பதிவு செய்து ஆராய்ந்த உளவியலாளர் ஜான் காட்மன், இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது மண்டையில் ஏறாது என்கிறார். உடம்பு தணியக் குறைந்தது 20 நிமிடமாவது ஆகும். எழுந்து போகிறவர் பின்னாலேயே அடுத்த அறைக்குப் போய்ப் பேசினால் அந்த 20 நிமிடம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

சண்டை இல்லாத ஒரு நாளில் இருவரும் ஒரு வாக்கியத்தை ஒப்புக்கொள்ளுங்கள்: "இப்ப என்னால முடியல, எட்டரைக்குப் பேசலாம்." நேரம் சொல்லியே ஆக வேண்டும். சொன்னவரே திரும்பி வந்து பேச்சை எடுக்க வேண்டும், இல்லையென்றால் அது நழுவல்தான். இடைவேளையில், "அப்படிச் சொல்லிட்டாரே" என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் படபடப்பு அடங்காது. கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்.

ஆரம்பத்தையும் கவனியுங்கள். கடுமையாகத் தொடங்கிய பேச்சு பெரும்பாலும் கடுமையாகவே முடிகிறது என்பதும் காட்மன் கண்டதுதான். கணவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வங்கிக் கணக்கை நீட்டாதீர்கள். "இந்த மாச கார்டு பில்லைப் பார்த்ததும் பயமாயிடுச்சு. சனிக்கிழமை காலையில அரை மணி நேரம் உட்காரலாமா?" அன்றைக்கு அந்த பில் மட்டும்தான், அவர் தம்பிக்குக் கொடுத்த கடன் இன்னொரு நாளைக்கு.

அவர் கை ஓங்குகிறார், மிரட்டுகிறார் என்றால் இந்த யோசனை எதுவும் பொருந்தாது. தனியாக உட்கார்ந்து பேசப் பார்க்காமல், பாதுகாப்பான இடத்தையும் உதவிக்கு ஆளையும் முதலில் தேடுங்கள்.

கேள்வி: சங்கடமான விஷயத்தை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடலாமா?

பதில்: நேரம் குறிக்க மட்டும் அனுப்புங்கள். அதிலும் மொட்டையாக "பேசணும்" என்று வேண்டாம், எதைப் பற்றி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இல்லையென்றால் மாலை வரை அவருக்கு வேலை ஓடாது.

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது, பார்வை மங்கிவிட்டது. கார் ஓட்டுவதை நிறுத்த மறுக்கிறார்.

பதில்: "ஓட்டாதீங்க" என்பது அவர் காதில், 'இனிமே எங்க போகணும்னாலும் எங்களைக் கேளுங்க' என்றுதான் விழும். அதனால் வாரத்தில் அவர் எங்கெங்கே போகிறார், யார் அழைத்துப் போவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பிள்ளைகள் எல்லோரும் சுற்றி உட்கார வேண்டாம், பஞ்சாயத்து மாதிரி ஆகிவிடும். ஒருவர் மட்டும், "அப்பா, ராத்திரியில எதிர் வண்டி வெளிச்சம் கண்ணைக் கூசுதா?" என்று ஆரம்பிக்கலாம். இரவில் ஓட்டுவதை நிறுத்தச் சம்மதித்து, கண் மருத்துவரிடம் போக ஒரு தேதியும் சொல்லிவிட்டால் முதல் பேச்சுக்கு அது போதும். பகலில் ஓட்டலாமா என்பதை அந்த மருத்துவர் சொல்லட்டும்.