உப்புத் தண்ணி டேங்க் ஆரம்பிக்கலாமா? கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

எட்டு வருஷமா சென்னையில மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்குற ஃபிளாட்ல ரீஃப் டேங்க், அதாவது பவளமும் கடல் மீனும் வாழ்ற உப்புத் தண்ணித் தொட்டி, வச்சிருக்கேன். கடல் பத்தி படிச்சவன் எல்லாம் கிடையாது, என் கையால செத்த மீனுங்க சொல்லிக் குடுத்த பாடம்தான் எல்லாம். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். வெளிநாட்டுக்காரங்க வீடியோ பாத்துட்டு ஆரம்பிச்சா பாதி விஷயம் நமக்கு ஒத்து வராது, அவங்க ஹீட்டர் வாங்கச் சொல்லுவாங்க, நமக்கு அதுக்கு நேர் எதிர் பிரச்சனை.

நன்னீர் டேங்க் அஞ்சு வருஷமா வச்சிருக்கேன் அண்ணா. சின்னதா ஒரு 40 லிட்டர்ல உப்புத் தண்ணி ட்ரை பண்ணலாமா? (போரூர்)

பண்ணலாம், ஆனா சின்னது ஈஸின்னு நினைச்சுப் பண்ணாதீங்க தம்பி. தண்ணி கம்மின்னா எல்லாமே சீக்கிரம் மாறும். 40 லிட்டர்ல ஒரு லிட்டர் ஆவியானா உப்பு சட்டுனு ஏறிடும், ஒரு மீன் செத்தா ராத்திரிக்குள்ள மீனுக்கு விஷமான அமோனியா எகிறிடும். என் டேங்க் 3 அடிக்கு 1.5க்கு 1.5, கிட்டத்தட்ட 190 லிட்டர். முதல் டேங்குக்கு அந்த சைஸ் தான் சொல்லுவேன். தண்ணி, கண்ணாடி, கல்லு, ஸ்டாண்ட் எல்லாம் சேத்தா கால் டன்னுக்கு மேல வரும், அதனால ஹால் நடுவுல வைக்காம பீம் ஓடுற சுவரை ஒட்டி வைங்க.

தப்பா நினைக்காதீங்க, கடல் தண்ணின்னா உப்புத் தண்ணிதானே, கல் உப்பு கரைச்சு ஊத்தினா ஆகாதா? (திண்டிவனம்)

நல்ல கேள்வி, பல பேர் கேக்க வெக்கப்படுற கேள்வி. நீங்க மரக்காணம் பக்கத்து ஆளு, உப்பளம் பாத்திருப்பீங்க. பாத்தியில கடல் தண்ணி காயும்போது முதல்ல கால்சியம் சம்பந்தப்பட்ட சுண்ணாம்பும் ஜிப்சமும் அடியில படியும், அதுக்கப்புறம்தான் நாம திங்கிற உப்பு விளையும், மெக்னீசியம் கடைசி வரைக்கும் மிச்சத் தண்ணியிலயே நின்னுடும், அதை வடிச்சு விட்டுடுவாங்க. அப்போ கல் உப்புல இருக்குறது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டும்தான். பவளத்துக்கு வேண்டியது கால்சியம் 420 பிபிஎம் (பத்து லட்சத்துல 420 பங்கு) கிட்ட, மெக்னீசியம் 1300 கிட்ட, அமிலம் ஏறாமத் தாங்குற சக்தியான ஆல்கலினிட்டி 8ல இருந்து 9 டிகேஹெச்ங்கற அளவு. அந்தப் பாத்தியில பிரிஞ்சு போன எல்லாத்தையும் திரும்பச் சேத்து விக்கிறதுதான் ரீஃப் சால்ட். 190 லிட்டருக்கு ஏறக்குறைய 7 கிலோ ஆகும். கரைச்சப்புறம் உப்பு அளக்குற ரிஃப்ராக்டோமீட்டர்ல 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு), அடர்த்தி எண்ல சொன்னா 1.026 காட்டணும். அந்த ரிஃப்ராக்டோமீட்டரையே 35 பிபிடி கரைசல் வச்சு செக் பண்ணிக்கோங்க, என்னோடது ஒரு வருஷம் பொய் சொல்லிட்டு இருந்துச்சு, எனக்குத் தெரியவே இல்ல.

அப்போ ஈசிஆர் பக்கம் போய் கடல் தண்ணியே கேன்ல புடிச்சிட்டு வந்துட்டா? (வேளச்சேரி)

செய்றவங்க இருக்காங்க. கூவம், அடையாறு கடல்ல சேர்ற பக்கம் தலை வச்சும் படுக்காதீங்க, வடகிழக்குப் பருவமழை டைம்ல கரையோரம் உப்பு அளவே இறங்கிடும். நான் ஒரு வருஷம் தூரமாப் போய் எடுத்து, வடிகட்டி, இருட்டுல மூடி வச்செல்லாம் பாத்தேன். பெட்ரோல் காசையும் முதுகு வலியையும் கணக்குப் பண்ணா உப்பு பக்கெட்டே தேவலாம்.

வீட்டு ஆர்ஓ தண்ணி இல்லன்னா 20 லிட்டர் கேன் வாட்டர், இது போதும்ல? (அம்பத்தூர்)

தண்ணில என்னென்ன கரைஞ்சிருக்கோ அந்த அளவைக் காட்டுற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு வாங்கி முக்கிப் பாருங்க, அதுவே பதில் சொல்லும். நம்ம போர் தண்ணி பல இடத்துல ஆயிரத்தைத் தாண்டும். வீட்டு ஆர்ஓல டேஸ்ட்டுக்காக டிடிஎஸ் கன்ட்ரோலர்னு ஒண்ணு வச்சு கொஞ்சம் பழைய தண்ணியையே திரும்பக் கலந்து விடுவாங்க, கேன் தண்ணியும் கம்பெனிக்கு ஒரு நம்பர் காட்டும். நமக்கு வேண்டியது பூஜ்யம். ஆர்ஓவுக்கு அப்புறம் மிச்ச உப்பையும் புடிச்சுக்குற டிஐ ரெசின் ஒரு குழாய் மாட்டினா வந்துடும். இந்தச் செலவை மிச்சம் பண்ணி ஆரம்பிக்கிறவங்க ஆறு மாசம் கழிச்சு 'டேங்க் பூரா பச்சையா முடி மாதிரி பாசி'ன்னு வந்து நிப்பாங்க. ஆர்ஓ வேஸ்ட் தண்ணியைக் கொட்டாதீங்க, எங்க வீட்ல தரை துடைக்க அதுதான்.

மே மாசம் எங்க வீட்ல ஃபேன் காத்தே அனலா வருது. தண்ணியைக் குளிர வைக்கிற சில்லர் கட்டாயமா? விலை கேட்டா மயக்கம் வருது. (மதுரை)

இதுக்கு சுத்தி வளைக்க மாட்டேன். பவளம் வைக்கணும்னா கட்டாயம்னே வச்சுக்கோங்க. டேங்க் 25ல இருந்து 27 டிகிரில நிக்கணும், 28 வரைக்கும் தாங்கும், 30ஐ தாண்டி நாள் கணக்குல நின்னா பவளம் உடம்புல குடியிருக்குற பாசியை வெளிய தள்ளிட்டு வெளுத்துப் போகும். அந்தப் பாசிதான் வெளிச்சத்துல சமைச்சு பவளத்துக்குச் சோறு போடுது, அது போனா பட்டினிதான். கடல்லயே 2016ல மன்னார் வளைகுடாவுல தண்ணி சூடாகி பவளம் வெளுத்துச்சு, நம்ம கண்ணாடிப் பெட்டி எம்மாத்திரம். சூடு ஏறினா தண்ணில ஆக்ஸிஜனும் கம்மியாகும், அது மீனுக்கு அடி.

தண்ணி மேல படுற மாதிரி சின்ன ஃபேன் வச்சா ரெண்டு மூணு டிகிரி இறங்கும், மதுரை மாதிரி வறண்ட ஊர்ல இன்னும் நல்லா வேலை செய்யும், சென்னைப் புழுக்கத்துல அவ்வளவு எடுபடாது. ஆனா ஃபேன் ஓட்டினா தினம் மூணு நாலு லிட்டர் ஆவியாகும். உப்பு ஆவியாகாது, தண்ணி மட்டும்தான் போகும், அதனால குறையுறதுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும், உப்புத் தண்ணி ஊத்தினா உப்பு ஏறிக்கிட்டே போகும். சில்லர் வாங்கினா பெட்டில எழுதியிருக்குற லிட்டரை நம்பாம ஒரு சைஸ் மேல எடுங்க, அதை மூடின கப்போர்டுக்குள்ள வைக்காதீங்க, அது கக்குற சூட்டை அதுவே திரும்ப இழுத்துட்டு நிக்காம ஓடும். எனக்கு முதல் செட்டப் மொத்தம் எழுபதாயிரம் தாண்டிச்சு, அதுல மூணுல ஒரு பங்கு சில்லர். காசு இல்லன்னா டேங்கையே ஒரு வருஷம் தள்ளிப் போடுங்க, சில்லரை மட்டும் தள்ளிப் போடாதீங்க.

ராமேஸ்வரத்துல எங்க சித்தப்பா இருக்காரு. பவளக்கல்லு எவ்வளவு வேணும்னாலும் கொண்டு வந்து தரேங்கறாரு. டேங்க்ல அடுக்குற லைவ் ராக் கல்லு காசு மிச்சம்தானே? (திருச்சி)

சித்தப்பாவுக்கு உடனே போன் போட்டு வேணாம்னு சொல்லுங்க, விளையாட்டுக்குச் சொல்லல. பாறை கட்டுற கடினப் பவளம் எல்லாமே 2001ல இருந்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972ல அட்டவணை ஒண்ணுல இருக்கு, புலி இருக்குற அதே அட்டவணை. கரையில ஒதுங்கின செத்த கல்லுன்னாலும் மாட்டினா கேஸ் கேஸ்தான். கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை, பெரிய கிளிஞ்சல் வகையான ஜயன்ட் கிளாம் இதெல்லாமும் பாதுகாப்புப் பட்டியல்ல இருக்கு. மன்னார் வளைகுடாவுல 21 தீவு, 1986ல தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க. அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததுல அரண் போன தீவுங்க கரைஞ்சு, ரெண்டு தீவு தண்ணிக்குள்ளயே போயிடுச்சு. நம்ம ஷோகேஸுக்காக மூணாவது போக வேணாம்.

கடைல செராமிக்ல செஞ்ச கல்லு, செயற்கை ட்ரை ராக் கிடைக்குது. பாக்க முதல் ஆறு மாசம் பல் செட் மாதிரி வெள்ளையா இருக்கும், அப்புறம் தானா நிறம் ஏறிடும்.

இந்தியாவுல பவளமே வைக்கக் கூடாதுன்னா ரீஃப் டேங்க்னு எதைத்தான் சொல்றீங்க? (கோவை)

சாஃப்ட் கோரல்னு கல்லு மாதிரி எலும்புக்கூடு இல்லாத வகை இருக்கு. மஷ்ரூம், லெதர், ஸோவாந்தஸ், ஸீனியா. நான் சொல்ற ரீஃப் அதுதான். முதல் வருஷத்துக்கு அதுவே நமக்கு ஜாஸ்தி. வெளிநாட்டுல பாக்குற கிளை கிளையா ஊதா நிறப் பவளம் எல்லாம் கடின வகை, அதை 'இம்போர்ட்டட் சார், பிரச்சனை இல்ல'ன்னு கடைக்காரர் சொன்னா பேப்பரைக் காட்டச் சொல்லுங்க. உலக அளவுலயே சைட்டிஸ்ங்கற உயிரின வியாபாரக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்துல இருக்குற அயிட்டம் அது, பேப்பர் இல்லாம வராது. பேச்சு மாத்தினாருன்னா நடையைக் கட்டுங்க.

ஸோவாந்தஸ் வாங்குறவங்க கவனிங்க. அந்தக் குடும்பத்துல சிலதுல பேலிடாக்ஸின்னு கொடிய விஷம் இருக்கு. கையில வெட்டுக்காயத்தோட தொடாதீங்க, வெட்டும்போது கிளவுஸும் கண்ணாடியும் போடுங்க. முக்கியமா அது ஒட்டின கல்லை க்ளீன் பண்றேன்னு வெந்நீர்ல கொதிக்க விடாதீங்க, அந்த ஆவியை மோந்து வீடே ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகள்ல நடந்திருக்கு.

டேங்க் செட் பண்ணி நாலு நாள் ஆச்சு, தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு. மீன் விட்டுடலாமா? (தாம்பரம்)

கூடாது. பளிங்கு மாதிரி இருக்குறது கண்ணுக்கு. மீன் கழிவு அமோனியாவாகும், ஒரு பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும், இன்னொண்ணு அதை நைட்ரேட்டா மாத்தும், அந்த ரெண்டும் கல்லுல குடி வர நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். உரிச்ச இறால் ஒண்ணைப் போட்டு அழுக விடுங்க, இல்ல அமோனியம் குளோரைடு அளந்து போட்டு 2 பிபிஎம் கொண்டு வாங்க. இறால் முறை சீப், ஆனா நாத்தம் புடிக்கும், வீட்ல பேசி வச்சுக்கோங்க. 2 பிபிஎம் போட்டு 24 மணி நேரத்துல அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமானா தயார். அதுக்கப்புறம் ஒரு தடவை தண்ணி மாத்திட்டு ரெண்டே ரெண்டு மீன்.

எந்த மீன்? பொண்ணு ஆரஞ்சு வெள்ளை மீனும் அந்த நீல மீனும்தான் வேணும்னு அடம். (பெரம்பூர்)

ஆரஞ்சு வெள்ளை, கிளவுன் மீன், தாராளமா. கெட்டி உசுரு, கடல்ல அது குடியிருக்குற அனிமோன், அதான் கடல் சாமந்தி, இல்லாமலே சந்தோஷமா இருக்கும், கடல்ல புடிக்காம தொட்டில பொரிச்ச குஞ்சே கிடைக்கும். ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம்ங்கற ஊர்ல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமே இதைக் குஞ்சு பொரிக்க வச்சிருக்கு. சென்னை கொளத்தூர் மீன் கடைங்கள்ல கேக்கும்போது தொட்டிக் குஞ்சான்னு கேளுங்க, கண் முன்னாடி தீனி போடச் சொல்லி அது தின்னா மட்டும் வாங்குங்க. ரெண்டு சின்னதா எடுத்தா போதும், எல்லாம் ஆணாத்தான் பொறக்கும், பெருசா வளர்றது பொண்ணா மாறிடும். உங்க பொண்ணுகிட்ட இதைச் சொல்லுங்க, ஒரு வாரம் அதைப் பத்தியே பேசுவா.

அந்த நீல மீன், நீல டேங்னு பேரு, அது வேணாம். ஒரு அடி வரைக்கும் வளர்ற மீன், நீந்த இடம் வேணும், 3 அடி அதுக்கு பாத்ரூம் மாதிரி. மாண்டரின்னு ஒண்ணு சேலை டிசைன் மாதிரி அழகா இருக்கும், அது கல்லுல ஊர்ற பொடிப் பூச்சியைத் தின்னே வாழ்றது, புது டேங்க்ல பட்டினியிலயே சாகும். சீப்பா இருக்குன்னு டாம்சல் மீன் நாலு வாங்கினா கடைசில ஒண்ணுதான் மிஞ்சும், அது உங்க கையையும் கடிக்கும்.

கிளவுன் உடம்புல உப்பு தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. கடைல நீல கலர் மருந்து குடுத்தாங்க, ஊத்தலாமா? (ஆவடி)

இருங்க, ஊத்தாதீங்க! அந்த மருந்துல காப்பர் இருந்தா டேங்க்ல இருக்குற இறால், நத்தை, பவளம் எல்லாம் போயிடும், கல்லும் காப்பரை உறிஞ்சி வச்சுக்கும். மீனை மட்டும் தனி டப்புக்கு மாத்தி, ரெண்டு பிவிசி பைப் துண்டு ஒளிய போட்டு, ஏர் பம்ப் வச்சு அங்க வைத்தியம் பண்ணுங்க. காப்பர் டெஸ்ட் கிட் இல்லாம டோஸ் போடாதீங்க. மெயின் டேங்க் மீனே இல்லாம காலியா இருக்கணும், ஹாபில 76 நாள்னு ஒரு கணக்கு, அந்தக் கிருமிக்கு மீன் கிடைக்காம சாகட்டும்னு. அடுத்த தடவை புது மீனை நேரா டேங்க்ல விடாம அந்த டப்புல ஒரு மாசம் வச்சுட்டு விடுங்க.

மூணாவது வாரம், மண்ணு கல்லு எல்லாம் பழுப்புத் தூசி படிஞ்ச மாதிரி. கெட்டுப் போச்சா? (வேலூர்)

டயாட்டம்ங்கற பழுப்புப் பாசி. புது டேங்க் எல்லாத்துக்கும் வரும், தானாப் போகும். பயந்து போய் மருந்து ஊத்தி நைட்ரேட், பாஸ்பேட் ரெண்டையும் பூஜ்யம் ஆக்கிடாதீங்க, அப்போதான் டைனோ, அதாவது டைனோஃபிளாஜெல்லேட்னு கோழைக் கோழையா ஒரு நுண்ணுயிர் வரும், அதுகிட்ட நான் நாலு மாசம் மல்லுக்கு நின்னேன்.

கரண்ட் போனா? (கடலூர்)

சூடு ஏறி சாகுறதுக்கு முன்னாடி மூச்சு முட்டித்தான் சாகும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எங்க தெருவுல ரெண்டு நாள் கரண்ட் இல்ல, இன்வெர்டரும் படுத்துடுச்சு, நானும் என் வீட்டம்மாவும் முறை வச்சு சொம்புல தண்ணி மொண்டு மேல இருந்து ஊத்திட்டே இருந்தோம் விடிய விடிய. ஒரு கோபி மீன் மட்டும் போச்சு. மறுவாரமே பேட்டரி ஏர் பம்ப் ரெண்டு வாங்கிட்டேன், சில நூறு ரூபா சாமான், அதை ஏன் முதல்லயே வாங்கலன்னு இன்னிக்கும் திட்டு விழுது. இன்வெர்டர்ல தண்ணியைச் சுழற்றுற வேவ் மேக்கர் மட்டும் குடுங்க, ராத்திரி பூரா ஓடும், சில்லரையும் அதுல மாட்டினா அரை மணியில படுக்கும். ஒயர் எல்லாம் பிளக்குக்குக் கீழ தொங்கி அப்புறம் மேல ஏறணும், உப்புத் தண்ணி வழிஞ்சா பிளக்குக்குள்ள போகாது. எலக்ட்ரீஷியனை வச்சு, கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற ஆர்சிசிபி மாட்டுங்க, உப்புத் தண்ணி ஷாக் விளையாட்டு இல்ல.

பொங்கலுக்கு ஊருக்கு அஞ்சு நாள் போவோம். யாரு பாத்துப்பா? (சேலையூர்)

தீனி பிரச்சனையே இல்ல, நல்லா இருக்குற மீன் அஞ்சு நாள் தாங்கும். தண்ணி குறையுறதுதான் பிரச்சனை, அதுக்கு மட்டம் பாத்து தானா ஊத்துற ஏடிஓ வைங்க, கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே மாட்டி ஓட விட்டுப் பாருங்க. பக்கத்து வீட்டு மாமிகிட்ட சாவி குடுத்தா மோட்டார் ஓடுற சத்தம் கேக்குதான்னு மட்டும் பாக்கச் சொல்லுங்க. தீனி டப்பாவை பீரோல வச்சுப் பூட்டிட்டுப் போங்க, எங்க பக்கத்து வீட்டு மாமி 'பாவம் பசிக்கும்'னு முக்கால் டப்பா போட்டுட்டாங்க.