முடியாமல் நின்ற கித்தான்கள்: இளம் வயதில் மறைந்த ஓவியர்கள் பற்றிய கேள்வி பதில்

இளம் வயதில் காலமான ஓவியர்களைப் பற்றி நண்பர்கள் கேட்டிருந்தவற்றில், ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஓவியர் எப்படி இறந்தார் என்பதைவிட, அவர் இறந்த மறுநாள் அவருடைய படங்கள் யார் பொறுப்பில் இருந்தன என்பதே எனக்கு எப்போதும் முக்கியமாகப் படும். பதில்கள் அந்தப் பக்கம் சற்றுச் சாய்ந்திருந்தால் பொறுத்தருள வேண்டும்.

மதுரையிலிருந்து ஓர் ஓவிய ஆசிரியை: வான்கோ உயிரோடு இருந்தபோது ஒரே ஒரு படம்தான் விற்றது என்றும், இளமையில் இறந்ததால்தான் புகழ் வந்தது என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். இது சரிதானா, ஐயா?

இரண்டுமே முழு உண்மை அல்ல, அம்மா. 1890இல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் ‘சிவப்புத் திராட்சைத் தோட்டம்’ 400 பிராங்குக்கு விற்றது உண்மை. வாங்கியவர் அன்னா போக் என்ற ஓவியர். ஆனால் அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, ஹேக் நகரில் இருந்த காலத்தில், அவருடைய சிற்றப்பா ஒருவர் நகரக் காட்சிகளைக் கோட்டோவியங்களாக வரைந்து தரச் சொல்லிப் பணம் கொடுத்திருக்கிறார். ஆகவே ‘ஒரே ஒரு படம்’ என்பது கதைக்காகச் சுருக்கப்பட்ட கணக்கு.

புகழ் விஷயத்துக்கு வருவோம். வான்கோ 1890 ஜூலை 29 அன்று தம் 37ஆம் வயதில் இறந்தார். அவரைத் தாங்கி நின்ற தம்பி தியோவும் ஆறு மாதத்தில், 1891 ஜனவரியில், போய்விட்டார். மிஞ்சியவர்கள் தியோவின் மனைவி ஜோவும், ஒரு வயதுகூட நிறையாத கைக்குழந்தையும், யாரும் விலை கேட்காத நூற்றுக்கணக்கான படங்களும்தான். இருபத்தெட்டு வயதான அந்தப் பெண் ஹாலந்துக்குத் திரும்பி, பூசம் என்ற ஊரில் தங்கும் விடுதி நடத்திப் பிழைத்தார். மைத்துனரின் படங்களை அந்த வீட்டுச் சுவர்களிலேயே மாட்டி வைத்தார். பிறகு விமர்சகர்களைத் தேடிப் போய்ப் பேசினார், கண்காட்சிகளுக்குப் படங்களை அனுப்பினார், எதை விற்பது, எதை விற்கக் கூடாது என்று கணக்குப் பார்த்து விற்றார். 1905இல் ஆம்ஸ்டர்டாமில் நானூறுக்கும் மேற்பட்ட படைப்புகளைக் கொண்ட பெரிய கண்காட்சியை நடத்தினார். 1914இல் அண்ணன் தம்பிக்கு எழுதிய கடிதங்களைப் பதிப்பித்தார். ‘சூரியகாந்திப் பூக்கள்’ படங்களில் ஒன்றை இலண்டன் தேசியக் காட்சியகத்துக்கு 1924இல் மனமில்லாமல்தான் விட்டுக்கொடுத்தார். வான்கோவின் புகழுக்குக் காரணம் அவருடைய சாவு அன்று. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு பெண் விடாமல் பார்த்த வேலை. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அமிர்தா ஷேர்கில் இருபத்தெட்டு வயதில் இறந்துவிட்டார். அவ்வளவு குறைந்த காலத்தில் அவர் உண்மையில் என்ன சாதித்தார்?

1913 ஜனவரி 30இல் புடாபெஸ்டில் பிறந்தவர். தந்தை உம்ராவ் சிங் பஞ்சாபின் மஜீதியா குடும்பத்தைச் சேர்ந்த சீக்கியர், சமஸ்கிருதமும் பாரசீகமும் கற்றவர், நல்ல ஒளிப்படக்காரர். தாய் ஹங்கேரியப் பாடகி. பதினாறு வயதில் பாரிஸ் சென்று படித்தார். தங்கை இந்திராவையும் ஒரு பிரெஞ்சுத் தோழியையும் உட்காரவைத்து 1932இல் வரைந்த ‘இளம்பெண்கள்’ படத்துக்கு மறுஆண்டு பாரிஸின் பெரிய கண்காட்சியில் தங்கப்பதக்கம் கிடைத்தது. அங்கேயே இருந்திருந்தால் சௌகரியமாக வாழ்ந்திருக்கலாம். 1934இன் இறுதியில் இந்தியா திரும்பினார்.

அவரைத் திருப்பியது தெற்குப் பயணம் என்பது என் கருத்து. அஜந்தா, எல்லோரா பார்த்து, கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களின் முன் நாட்கணக்கில் உட்கார்ந்து, கன்னியாகுமரி வரை வந்து போனவர், சிம்லாவுக்குத் திரும்பி 1937இல் மூன்று பெரிய படங்களை வரைந்தார்: ‘மணமகள் அலங்காரம்’, ‘பிரம்மச்சாரிகள்’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்’. டெல்லி நவீனக் கலைக் காட்சியகத்தில் ‘பிரம்மச்சாரிகள்’ முன்னால் ஒரு மதியம் முழுக்க நின்றிருக்கிறேன். தூரத்தில் நின்றால் ஐந்து பையன்கள், ஐந்து வெள்ளை வேட்டிகள், அவ்வளவுதான். இரண்டடி தூரம்வரை நெருங்கிப் பார்த்தால்தான் எந்த இரண்டு வேட்டியின் வெண்மையும் ஒன்றல்ல என்பதும், மாநிறம் முதல் கருமை வரை ஒவ்வொரு உடம்பின் நிறமும் பக்கத்து வேட்டியின் வெள்ளையைக் கொஞ்சம் மாற்றிவிடுகிறது என்பதும் தெரியும். பாரிஸில் கற்ற கை, அஜந்தாவில் கற்ற கண். இருபத்து நான்கு வயதில் இதைச் செய்திருக்கிறார்.

கிடைத்துள்ள அவருடைய படைப்புகள் ஏறத்தாழ 170. கணவரும் குடும்பத்தாரும் பெரும்பகுதியை அரசுக்குக் கொடுத்ததால் அவை சிதறாமல் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அவருடைய படைப்புகளை அரசு தேசியக் கலைச்செல்வமாக அறிவித்ததால் நாட்டை விட்டு வெளியே விற்கவும் முடியாது. தனியார் கையில் இருந்த ‘கதைசொல்லி’ 2023இல் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. இந்தத் தொகையை நானே சொல்லிவிட்டேன். இனி அதைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

கோவையிலிருந்து ஒருவர்: அமிர்தா ஷேர்கிலின் சாவில் மர்மம் இருக்கிறது என்கிறார்களே?

1941 செப்டம்பரில் கணவர் விக்டர் ஈகனுடன் லாகூரில் குடியேறினார். கண்காட்சிக்குச் சில நாட்களே இருந்தபோது கடும் வயிற்று நோய் கண்டு, டிசம்பர் 5 நள்ளிரவு வாக்கில் இறந்தார். கணவரே மருத்துவர், வீட்டிலேயே வைத்தியம் பார்த்தார். சீதபேதி என்றும், வயிற்றுறை அழற்சி என்றும், கருக்கலைப்பில் நேர்ந்த சிக்கல் என்றும் பலர் பலவிதமாக எழுதினார்கள். தாயார் மருமகனையே குற்றம் சாட்டினார். எதுவும் நிரூபிக்கப்படவில்லை. இதன் கூடவே நடந்த இன்னொன்று: பிரிட்டன் அந்த நேரத்தில்தான் ஹங்கேரிமீது போர் அறிவித்தது, மனைவியை இழந்த ஈகன், எதிரி நாட்டுக் குடிமகன் என்று காவலில் வைக்கப்பட்டார். இதற்கு மேல் துப்பறிவதில் எனக்கு ஆர்வமில்லை. லாகூர் வீட்டு மாடியிலிருந்து தெரிந்த எருமைகளையும் மண் வீடுகளையும் வரைந்துகொண்டிருந்த கித்தான் முடிவடையாமல் நின்றது. அவர் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தார் என்பதை அந்தப் படம் சொல்கிறது, அதைப் பாருங்கள்.

பெங்களூரிலிருந்து ஒரு வாசகர்: தொற்றுநோய், பிரசவம் போன்றவற்றால் போனவர்கள் யார் யார்?

பெரிய பட்டியல் போடலாம். இருவரை மட்டும் சொல்கிறேன். வியன்னாவின் எகோன் ஷீலே. 1918 பிப்ரவரியில் அவருக்குக் குரு போன்ற ஓவியர் கிளிம்ட் இறந்தார். மார்ச்சில் ஷீலேயின் கண்காட்சி பெரும் வெற்றி பெற்றது. அக்டோபரில் ஸ்பானிஷ் காய்ச்சல் வீட்டுக்குள் வந்தது. ஆறு மாதக் கர்ப்பிணியான மனைவி எடித் 28ஆம் தேதி இறந்தார். அவள் சாகக் கிடந்தபோதுகூட ஷீலே அவளை வரைந்திருக்கிறார். மூன்றே நாளில், 31ஆம் தேதி, அவரும் போனார். வயது 28.

இன்னொருவர் ஜெர்மனியின் பவுலா மோடர்சோன்-பெக்கர். 1907 நவம்பரில் மகள் பிறந்த பதினெட்டாம் நாள், படுக்கையிலேயே கிடக்கச் சொல்லியிருந்த மருத்துவர் எழுந்திருக்க அனுமதித்த அன்று, இரத்தக் கட்டியால் சுருண்டு விழுந்தார். ‘ஐயோ, பாவம்’ என்று பொருள்படும் ஒரே சொல்லைத்தான் கடைசியாகச் சொன்னதாகக் கூறுவார்கள். வயது 31. விற்றவை விரல்விட்டு எண்ணும் அளவே. இருபது ஆண்டுகள் கழித்து பிரெமன் நகரில் அவர் ஒருவருக்காகவே ஓர் அருங்காட்சியகம் கட்டப்பட்டது. பெண் ஓவியர் ஒருவருக்கென்று எழுந்த முதல் அருங்காட்சியகம் அதுதான்.

கும்பகோணத்திலிருந்து ஓர் இளைஞர்: நம் தமிழ் ஓவியர்களைப் பற்றிச் சொல்லவே இல்லையே?

நியாயமான குறை. கே. ராமானுஜம் பெயரை முதலில் சொல்ல வேண்டும். சென்னை ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் பயின்று, 1966இல் தொடங்கப்பட்ட சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் வாழ்ந்தவர். பேச்சுத் திக்கலும் மன உளைச்சலும் அவரை மனிதர்களிடமிருந்து ஒதுக்கின. தாளில் அவருக்கு அந்தத் தடை இல்லை. இழை இழையாக மையால் அரண்மனைகளையும் பாம்புகளையும் இறக்கை முளைத்த விலங்குகளையும் வரைந்து, அவற்றுக்கு நடுவே தொப்பி அணிந்தவராகத் தம்மையும் வைத்துக்கொண்டார். 1973இல், முப்பதுகளின் தொடக்கத்தில், தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அவரை ‘பைத்தியக்கார மேதை’ என்று எழுதுவதை நான் வெறுக்கிறேன். அந்தக் கோடுகளைப் போடப் பொறுமையும் திட்டமும் வேண்டும். பித்து மட்டும் போதாது.

உங்கள் ஊர் ஓவியக் கல்லூரியிலேயே படித்த ஓவியர் எஸ். இளையராஜாவை உங்களுக்கு நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. அடுப்படிப் புகையிலும் சன்னல் வெளிச்சத்திலும் நிற்கும் கிராமத்துப் பெண்களை ஒளிப்படமோ என்று மயங்கும்படி வரைந்தவர். 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோனது.

திருநெல்வேலியிலிருந்து ஓர் அக்கா: என் தம்பி இருபத்து நான்கு வயதில் தவறிவிட்டான். அவன் வரைந்த படங்கள் ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. எப்படிப் பாதுகாப்பது?

இத்தனை கேள்விகளில் எனக்கு மிக முக்கியமானது இதுதான், அம்மா. முதலில், லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். அந்தச் சூட்டையும் பசையையும் பிறகு யாராலும் எடுக்க முடியாது. கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டாதீர்கள். சில வருடங்களில் மஞ்சள் கறை தாளுக்குள் இறங்கிவிடும். இரும்புப் பெட்டி மழைக்காலத்தில் உள்ளே வியர்க்கும். ஆகவே படங்களை வெளியே எடுத்து, அமிலமில்லாத தாளை இடையில் வைத்து, தட்டையாக, தரையிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் தள்ளி வையுங்கள். கரையான் எட்டாத இடமாக இருக்கட்டும். மாட்டுவதானால் வெயில் படாத சுவரில், கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவே அட்டைச் சட்டம் வைத்து மாட்டுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு படத்தையும் பகல் வெளிச்சத்தில் கைப்பேசியிலாவது எடுங்கள். பின்புறம் ஓரத்தில் மென்மையான பென்சிலால் ஓர் எண் எழுதுங்கள், பேனா வேண்டாம். ஒரு நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே, எந்த ஊரில், எந்த வருடம், யாரைப் பார்த்து வரைந்தான் என்று உங்களுக்கு நினைவிருப்பதை எழுதுங்கள். படம் நூறு ஆண்டுகள் இருக்கும். அதில் இருப்பது உங்கள் சித்தி என்று சொல்ல நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள்.

சிவகாசியிலிருந்து ஓர் அச்சகத்தார்: இவர்களுடைய படங்களை நாட்காட்டியில் போடலாமா?

நம் சட்டப்படி ஓவியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. ஷேர்கில் படங்களுக்கு அது 2001உடன் முடிந்துவிட்டது. ஆனால் காட்சியகம் எடுத்த ஒளிப்படத்தைப் பயன்படுத்த அவர்களிடம் கேட்க வேண்டும். ராமானுஜத்துக்கு 2033 வரை, இளையராஜாவுக்கு 2081 வரை உரிமை வாரிசுகளுடையது. இளையராஜாவின் படங்களை அனுமதியின்றி அச்சிட்டு விற்பதை நான் நிறையப் பார்க்கிறேன். நீங்கள் கேட்டுவிட்டுச் செய்ய நினைத்ததற்கு நன்றி. அந்தக் குடும்பத்துக்கு எழுதிக் கேளுங்கள், உரிய தொகையைக் கொடுங்கள், படத்தின் கீழே பெயரையும் போடுங்கள்.