நெஞ்சுக்கூடு உள்ளிழுத்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்

கேள்வி: அவிநாசி அருகே குடியிருக்கிறோம். பக்கத்துக் காட்டில் தினமும் சாயங்காலம் பனியன் கட்டிங், பால் கவர், டயப்பர் எல்லாவற்றையும் கூட்டிவைத்துக் கொளுத்துகிறார்கள். 3 வயது மகனுக்கு ஒரு மாதமாக இரவில் இருமல். மூக்குச்சளி கறுப்பாக வருகிறது. மருந்துக்கடை சிரப்பில் குணமில்லை. இந்தப் புகையால் புற்றுநோய் வரும் என்று வீடியோவில் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

பதில்: அம்மணி, முதலில் அந்த வீடியோவை மூடுங்கள். பிவிசி போன்ற பிளாஸ்டிக் அரைகுறையாக எரிந்தால் டயாக்சின் என்ற புற்றுநோய் நச்சு உண்டாவது உண்மைதான். அதன் கெடுதல் ஆண்டுக்கணக்கில் சேர்வது; ஒரு மாத இருமலோடு அதை முடிச்சுப் போடாதீர்கள். கறுப்புச் சளி, மூக்கு தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்பதற்கு அடையாளம். துடைத்துவிட்டுப் போங்கள்.

எனக்குக் கவலை தருவது அந்த இரவு இருமல். புகை பட்டு மூச்சுக்குழாய் சுருங்கும் குழந்தைகள்தான் பெரும்பாலும் இப்படி இருமுவார்கள். நம் ஊரில் வீசிங், இளைப்பு என்பது இதைத்தான். இன்றிரவு அவன் தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது வேண்டாம். இந்த வயதில் 40 அல்லது அதற்கு மேல் வந்தால் அது வேக மூச்சு. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் திணறினாலோ எண்ணிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

இவை எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு மாத இருமலை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் போங்கள். எடை குறைந்திருந்தாலோ, சாயங்காலக் காய்ச்சல் இருந்தாலோ மறக்காமல் சொல்லுங்கள், காசநோய்க்கும் பார்ப்பார்கள். உங்களைப் பயமுறுத்திய அதே போனில் அவன் இரவில் மூச்சு விடுவதைப் படம் பிடித்துக்கொண்டு போனால், எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

சிரப்பை இன்றோடு நிறுத்துங்கள். சளி மருந்துக் கலவை ஒன்றை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சிடும்படி 2023-இல் அரசே உத்தரவிட்டது. கடைக்காரர் அதையெல்லாம் படித்துக் காட்டுவாரா? இருமலுக்கு ஒரு ஸ்பூன் தேன் போதும்.

தீ வைக்கும் நேரத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பையனை வீட்டுக்குள் வைத்திருங்கள். ஈரத்துணி கட்டுவதால் பயனில்லை. மார்கழிப் பனியில் புகை மேலே போகாமல் தரையோடு தங்கும். அப்போது இன்னும் கவனம் தேவை. காட்டுக்காரரிடம் நீங்கள் சண்டைக்குப் போக வேண்டாம். வீட்டுப் பெரியவரை அனுப்பி, குப்பையைத் தூய்மைக் காவலரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2016-இலேயே சொல்லியிருப்பதையும், போகிற போக்கில் அவர் காதில் போட்டுவைக்கட்டும்.