கொக்கேய்னை வெட்டும் நொதி: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றில் மயக்க மருந்துப் பிரிவில் பல ஆண்டுகள் தாதியாக இருந்தவள் நான். போன வாரம் இந்த நொதியைப் பற்றிச் சொல்லப் போய், கேள்விகள் குவிந்துவிட்டன.

ஒரே அளவு கொக்கேய்ன் ஒருவரைச் சாய்க்கிறது, இன்னொருவரை விட்டுவிடுகிறது. ஏன் அக்கா? (கல்லூரி மாணவி, தெம்பனிஸ்)

பல காரணங்களில் ஒன்று பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ். பெயர்தான் வாயில் நுழையாது. கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விடும் இந்த நொதி, கொக்கேய்னை வெட்டி வீரியம் குறைந்த பொருளாக்கிவிடும். கல்லீரலுக்குள்ளேயே இருக்கும் வேறொரு நொதி கொக்கேய்னை பென்சாயில்எக்கோனினாக மாற்றும். சிறுநீர்ச் சோதனையில் தேடுவது இதைத்தான். பொதுவாகச் சுமார் ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் உள்ள கொக்கேய்ன் பாதியாகிவிடும். நொதி குறைந்தவர்களிடம் அது கூடுதல் நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். கல்லீரலைப் பதம் பார்க்கும் நார்கொக்கேய்னாக மாறும் பங்கும் கூடலாம். எலிகளுக்கு இந்த நொதியை ஊசியில் ஏற்றினால் அதிகம் பிழைக்கின்றன.

எனக்கு இது குறைவா என்று எப்படித் தெரியும்? (ஈசூன்)

பெரும்பாலும் அறுவை மேசையில்தான் தெரியவரும். ஸ்கோலின் என்ற தசைத்தளர்வு மருந்தையும் இதே நொதிதான் வெட்டுகிறது. பத்து நிமிடத்துக்குள் மூச்சு திரும்ப வேண்டும். ஓர் இளைஞருக்கு அரை மணி ஆகியும் விரல்கூட அசையவில்லை. நான்கு மணி நேரம் மூச்சுக்கருவியில் வைத்திருந்தோம். மயக்கம் தெளியாதபடி மருந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் நினைவு இருக்கும், அசைய முடியாது. பிறகு இந்த நொதி சரியான வகைதானா என்று காட்டும் ரத்தச் சோதனையான டிபுகெய்ன் எண் பார்த்தோம். சாதாரணமாக 80 பக்கம் இருக்கும், அவருக்கு 20.

இது பரம்பரையாக வரும். தென்னிந்தியாவின் ஆரிய வைசியர் சமூகத்தில் கூடுதலாகவே காணப்படுகிறது. வீட்டில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கல்லீரல் நோய், கர்ப்பம், பூச்சிமருந்து நஞ்சு இவற்றாலும் நொதி குறையும்.

நொதி நன்றாக இருந்தால் ஆபத்தில்லையா?

அப்படி நினைத்துவிடாதீர்கள். நொதி வெட்டி முடிப்பதற்குள் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடலாம், இதயக் குழாய் சுருங்கிவிடலாம். கூடவே மது இருந்தால் உடலில் கோக்காஎத்திலின் என்ற பொருள் உருவாகும். அது கொக்கேய்னைவிட நீண்ட நேரம் தங்கும். அப்புறம், சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் எடுத்தாலும் இங்கே குற்றம்தான்.

அவசரப் பிரிவில் இந்த நொதியை உடனே அளப்பார்களா? (தாதிமைப் படிப்பு மாணவர்)

இல்லை தம்பி. அளவு தெரிந்தாலும் முதல் சிகிச்சை மாறாது: பென்சோடயசெபைன் என்ற அமைதிப்படுத்தும் மருந்து, உடல் சூட்டைத் தணிப்பது, இசிஜி. ஆனால் ரத்தம் எடுக்கும்போது சாம்பல் மூடிக் குழாயைக் கவனித்திருக்கிறீர்களா? அதில் சோடியம் ஃபுளோரைடு இருக்கும். ரத்தம் உடலைவிட்டு வெளியே வந்த பிறகும் நொதி குழாய்க்குள் கொக்கேய்னை வெட்டிக்கொண்டேதான் இருக்கும். ஃபுளோரைடு அதை அடக்குகிறது. வேறு குழாயில் எடுத்து வைத்துவிட்டால் ஆய்வுக்கூடத்தில் அளவு குறைத்துக் காட்டும்.

பல் மருத்துவர் போடும் மரப்பு ஊசிக்கும் இந்தப் பிரச்சினை உண்டா?

அங்கே வழக்கமாகப் போடும் லிக்னோகெய்ன் வேறு வகை. அதைக் கரைப்பது கல்லீரல். தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். ஊசியைக் கண்டாலே கைகால் உதறுவதற்கு என்னிடம் மருந்தில்லை.