மைக்ரானும் நுண்ணுயிரியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்திருக்கும் கேள்விகளில் ஒரு பாதி துல்லிய உற்பத்தியைப் பற்றியது. மறு பாதி நுண்ணுயிரிகளைக் கொண்டு எரிபொருள் தயாரிப்பதைப் பற்றியது. இரண்டு துறைகளிலும் வேலை பார்த்தவன் என்பதால் எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன். கடைசிக் கேள்வியில் இரண்டு துறைகளும் தாமாகவே ஒன்றையொன்று சந்தித்துவிட்டன.

கேள்வி: எங்கள் அளவீட்டுக் கருவி நூறு முறை அளந்தாலும் ஒரே எண்ணைத்தான் காட்டுகிறது. இருந்தும் தணிக்கைக்கு வந்தவர் அது துல்லியமானது அல்ல என்கிறார். யார் சொல்வது சரி?

அவர் சொல்வது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். "துல்லியம்" என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு பொருளில் பயன்படுத்துகிறோம்: எத்தனை முறை அளந்தாலும் அதே எண் வருவது ஒன்று; வரும் எண் உண்மையான அளவுக்கு நெருக்கமாக இருப்பது மற்றொன்று. முதலாவது இருந்து இரண்டாவது இல்லாமல் போவதுதான் ஆபத்தான நிலை. எண்கள் சிதறினால் கருவியின் குறை உடனே வெளிப்பட்டுவிடும். ஒரே பக்கமாக, ஒரே அளவுக்குத் தவறும் கருவியோ நம்பிக்கையைத்தான் வளர்க்கும்.

1990-இல் விண்ணுக்கு அனுப்பப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் கதை இதுதான். அதன் 2.4 மீட்டர் முதன்மை ஆடி மிக நேர்த்தியாக, ஆனால் தவறான வடிவத்துக்கு மெருகேற்றப்பட்டிருந்தது. மெருகேற்றும்போது வழிகாட்டிய சோதனைக் கருவியில் ஒரு வில்லை ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டர் இடம் மாறி இருந்ததால், ஆடியின் விளிம்பு 2.2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்குக் கூடுதலாகத் தட்டையாகிவிட்டது. எளிமையான வேறு சோதனைகள் இந்தப் பிழையைக் காட்டியபோதும், நுட்பமான கருவியே சரி என்று கருதி அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் திருத்தும் ஒளியியல் பாகங்களைப் பொருத்திய பிறகே படங்கள் தெளிவடைந்தன.

இதற்கான மருந்தை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறை அறிந்திருந்தது. அங்கே தொழில் பழகிய ஜோசப் விட்வொர்த் 1840-இல் அந்த முறையை அறிஞர்கள் முன் விளக்கினார். இரண்டு இரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சுரண்டிக்கொண்டே போனால், ஒன்று குழியாகவும் மற்றது மேடாகவும் மாறி, இரண்டும் கச்சிதமாகப் பொருந்தியும் இரண்டுமே தட்டையாக இல்லாமல் போகலாம். மூன்றாவது தகட்டைச் சேர்த்து, மூன்றும் எந்த இணையாக வைத்தாலும் பொருந்த வேண்டும் என்று வைத்துவிட்டால், குழிக்கும் மேட்டுக்கும் இடமில்லை. தட்டையாவதைத் தவிர அவற்றுக்கு வேறு வழியே கிடையாது. உங்கள் கருவிக்கும் ஒரு மூன்றாவது தகடு தேவை: வேறு கொள்கையில் இயங்கும் இன்னொரு கருவியால் அதே பாகத்தை அளந்து பாருங்கள்.

கேள்வி: இயந்திரத்தின் பக்கத்தில் அளந்தபோது சரியாக இருந்த அலுமினியப் பாகம், அளவுக்கூடத்துக்குப் போனதும் "அளவு குறைவு" என்று திரும்பி வருகிறது. ஏன்?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நீளம் சார்ந்த எல்லா வரைபட அளவுகளும் 20 டிகிரி செல்சியஸில்தான் பொருள்படும்; ஐஎஸ்ஓ எனும் சர்வதேசத் தர அமைப்பின் தரநிலைகளில் 1 என்ற எண்ணைப் பெற்றிருப்பதே இந்த விதிதான். அலுமினியம் ஒரு டிகிரிக்கு, மீட்டருக்கு ஏறத்தாழ 23 மைக்ரான் நீளும்; எஃகு அதில் பாதி. உங்கள் பாகம் 200 மில்லிமீட்டர் நீளமும் பட்டறை 30 டிகிரியும் என்று வைத்துக்கொண்டால், பாகம் 46 மைக்ரான் நீண்டிருக்கும். அதை அளக்கும் எஃகு மைக்ரோமீட்டரும் சூடேறி 23 மைக்ரான் நீண்டிருக்கும். ஆக, நீங்கள் சரி என்று பார்த்த அளவு 20 டிகிரிக்கு வந்ததும் 23 மைக்ரான் குறையும். வரைபடம் 20 மைக்ரான் விலகலைத்தான் அனுமதிக்கிறது என்றால் பாகம் குப்பைக்குத்தான் போகும். வெட்டிய சூடு ஆறுவதற்கு முன்பே அளந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இந்தப் பாடத்தை நான் அளவுக் கட்டைகளிடம், அதாவது மற்ற கருவிகளைச் சரிபார்க்க உதவும் நீளம் அறிந்த கட்டைகளிடம், கற்றேன். ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் எட்வர்ட் ஜோஹான்சன் 1896-இல் வகுத்த முறை அது: 102 எஃகுக் கட்டைகள் கொண்ட ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு, 1 முதல் 201 மில்லிமீட்டர் வரை நூறில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் 20,000 அளவுகளை அடுக்கிவிடலாம். கட்டைகளின் முகங்களைத் துடைத்து, குறுக்காக வைத்து, லேசாக அழுத்தித் திருப்பினால் பசையோ காந்தமோ இல்லாமலே ஒட்டிக்கொள்ளும்; நேராக இழுத்தால் வராது, சறுக்கித்தான் பிரிக்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் அப்படி ஒட்டிய 100 மில்லிமீட்டர் அடுக்கைக் கையில் பிடித்தபடியே பேசிக்கொண்டிருந்துவிட்டு, அதை வைத்து முள்மானியை (அளவு விலகலை முள்ளால் காட்டும் கருவியை) பூஜ்யப்படுத்தினேன். உள்ளங்கைச் சூடு மூன்று டிகிரி ஏற்றினாலே அடுக்கு மூன்றரை மைக்ரான் நீண்டுவிடும். அன்று காலை முழுவதும் நல்ல பாகங்களை "குறைவு" என்று ஒதுக்கிக்கொண்டிருந்தவன் நான்தான். ஆகவே, பாகத்தையும் கருவியையும் ஒரே இரும்புப் பலகையின் மேல் சில மணி நேரம் ஆறவிட்ட பிறகு அளவுக்கூடத்தில் அளக்கச் சொல்லுங்கள். பட்டறையிலேயே அளந்தாக வேண்டுமென்றால் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு திருத்தம் போடுங்கள்.

கேள்வி: வைரம்தான் மிகக் கடினமானது என்றால், எஃகைக் கடைவதற்கு ஏன் வைர உளியைப் பயன்படுத்துவதில்லை?

கடினம் போதாததால் அல்ல, வேதியியல் ஒத்துவராததால்தான். வெட்டுமுனையின் வெப்பத்தில் வைரத்தின் கரிம அணுக்கள் இரும்புக்குள் கரைந்து பரவுவதால் முனை விரைவில் மழுங்கிவிடும். அலுமினியம், செம்பு, சில நெகிழிகள் ஆகியவற்றை ஆடிபோலக் கடைவதற்கு வைரத்துக்கு இணையில்லை. கடினப்படுத்திய எஃகுக்குக் கனசதுரப் போரான் நைட்ரைடு முனையே பொருத்தம்.

கேள்வி: ஒரு கிலோ சர்க்கரையை ஈஸ்ட்டிடம் கொடுத்தால் எவ்வளவு எரிபொருள் கிடைக்கும்? பாதி வாயுவாகப் போய்விடுவது வீண்தானே?

ஒரு கிலோ குளுக்கோஸிலிருந்து கோட்பாட்டின்படி கிடைக்கக்கூடியது 511 கிராம் எத்தனால், அதாவது ஏறத்தாழ 650 மில்லிலிட்டர். மிச்சம் 489 கிராம் கரியமில வாயு. ஈஸ்ட் தான் வளர்வதற்கும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும் என்பதால், நன்றாக நடக்கும் ஆலையில் இந்த உச்சத்தின் தொண்ணூறு சதவீதத்துக்குச் சற்று மேல் கைக்கு வரும். எடையில் பாதி போனாலும், சர்க்கரையில் இருந்த எரிசக்தியில் ஏறத்தாழ 97 சதவீதம் எத்தனாலிலேயே தங்கிவிடுகிறது. வெளியேறும் வாயு ஏற்கெனவே எரிந்து முடிந்த கரி. அதில் எரிப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. எடையை மட்டும் பார்த்து இதை வீண் என்பது சரியான கணக்கு ஆகாது. லிட்டருக்கு லிட்டர் ஒப்பிட்டால் எத்தனால் பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் தரும் என்பது வேறு விஷயம்.

கேள்வி: வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் கண்டுபிடிப்புகளைப் பல ஆண்டுகளாகக் கேள்விப்படுகிறோம். அது ஏன் இன்னும் சர்க்கரை, மாவுப்பொருள் ஆலைகளுக்கு ஈடாகவில்லை?

உயிரியல் பக்கத்தில் குறை சொல்வதற்கு அதிகம் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களும் உடைகளும் விரைவாக உளுத்துப்போயின. அதற்குக் காரணமானவற்றைத் தேடியபோது கிடைத்த பூஞ்சைகளில் ஒன்று, பருத்தியிலும் வைக்கோலிலும் உள்ள நார்ப்பொருளான செல்லுலோஸை உடைக்கும் நொதிகளை அள்ளிச் சுரந்தது. மேரி மேண்டல்ஸும் எல்வின் ரீஸும் அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். ரீஸின் நினைவாகவே அது இன்று டிரைக்கோடெர்மா ரீசி எனப்படுகிறது. படைக்கு எதிரியாக வந்த பூஞ்சை, வைக்கோலைச் சர்க்கரையாக்கும் தொழிலுக்கு அடித்தளமானது.

அடுத்த தடை சைலோஸ். வைக்கோலில் உள்ள சர்க்கரையில் கணிசமான பங்கு இந்த ஐங்கரிமச் சர்க்கரைதான். ரொட்டி ஈஸ்ட் இயல்பாக அதை நொதிக்கவைக்காது. ஈ. கோலை பாக்டீரியாவோ சைலோஸை உண்ணும், ஆனால் எத்தனாலை முதன்மையாகத் தராது. புளோரிடா பல்கலைக்கழகத்தின் லோனி இங்ரம் குழுவினர், இயல்பாகவே எத்தனால் தரும் சைமோமோனாஸ் பாக்டீரியாவின் இரண்டு மரபணுக்களை ஈ. கோலைக்குள் வைத்து, சைலோஸையும் எத்தனாலாக மாற்ற வைத்தார்கள். 1991 மார்ச்சில் அமெரிக்கா வழங்கிய 50,00,000-ஆம் காப்புரிமை இந்தக் கண்டுபிடிப்புக்குக் கிடைத்ததுதான்.

இத்தனைக்குப் பிறகும் ஆலை தடுமாறுகிறது என்றால், என் கணிப்பில், காரணம் பெரும்பாலும் நொதிகலனுக்கு முன்னால்தான் இருக்கிறது. வைக்கோல் பாகுபோல ஓடாது. மண்ணும் மணலும் ஒட்டியபடி வந்து, அழுத்தக் கலனுக்குள் தள்ளும் திருகுகளைத் தேய்த்து, வாயில் அடைத்துக்கொள்ளும். உள்ளே போனதும், அமிலமும் நீராவியும் அதன் கட்டை அவிழ்க்கும்போது ஃபர்ஃபியூரால், அசிட்டிக் அமிலம் போன்றவை உருவாகி, பின்னால் வரும் நுண்ணுயிரியையே முடக்கும். அதற்காகத் தண்ணீரைக் கூட்டினால் எத்தனால் நீர்த்து, வடிப்பதற்கு எரிக்கும் நீராவியின் செலவு ஏறும். எடையில் நான்கு சதவீதத்துக்குக் கீழே எத்தனால் இருக்கும் நொதித்த கரைசலை வடிப்பது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. புதிய திட்ட அறிக்கை ஏதாவது கைக்கு வந்தால், நுண்ணுயிரியைப் பற்றிய பக்கங்களைத் தாண்டி, மூலப்பொருளை உள்ளே தள்ளும் இயந்திரத்தைப் பற்றிய பக்கத்தைத்தான் நான் முதலில் தேடுவேன்.

கேள்வி: உயிருள்ள ஒரு நுண்ணுயிரிக்குக் காப்புரிமை பெற முடியுமா?

பல நாடுகளில் முடியும். லூயி பாஸ்டர் 1873-லேயே நோய்க்கிருமிகள் அற்ற ஈஸ்ட்டுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனாலும் சட்டம் தெளிவடைந்தது, எண்ணெய்யைச் சிதைக்கும்படி ஆனந்த மோகன் சக்ரவர்த்தி உருவாக்கிய சூடோமோனாஸ் பாக்டீரியா தொடர்பான வழக்கில்தான்; மனிதன் உருவாக்கியது உயிருள்ளது என்பதற்காகவே காப்புரிமையை மறுக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980-இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. நடைமுறையில் மறக்கக்கூடாத ஒன்று: உயிரியை எழுத்தால் மட்டும் முழுமையாக விவரிக்க இயலாது என்பதால், 1977-ஆம் ஆண்டின் புடாபெஸ்ட் உடன்படிக்கைப்படி ஏற்கப்பட்ட சேமிப்பகம் ஒன்றில் அதன் மாதிரியை ஒப்படைக்க வேண்டியிருக்கும். விண்ணப்பத் தேதிக்கு முன்பே ஒப்படைத்துவிடுங்கள்.

கேள்வி: நல்ல எரிபொருள் நுண்ணுயிரியைத் தேர்ந்தெடுக்க நுண்துளிக் கருவிகளைப் பயன்படுத்துகிறோம். தேர்ந்தெடுத்தவை பெரும்பாலும் மறுசோதனையில் தோற்கின்றன. எங்கே தவறு?

முதலில் செல்களை விட்டுவிட்டு, கருவியில் துளிகளை உருவாக்கும் நுண்ணிய தடங்களை அளந்து பாருங்கள். இக்கருவியில் ஒவ்வொரு செல்லும் எண்ணெயில் மிதக்கும் தனித் துளிக்குள் அடைபட்டு, அது சுரக்கும் பொருளுக்கு ஏற்ப ஒளிர்கிறது. அதிகம் ஒளிரும் துளியை மின்புலம் திசைதிருப்பி எடுக்கிறது. 30 மைக்ரான் விட்டமுள்ள துளியின் கொள்ளளவு ஏறத்தாழ 14 பிகோலிட்டர் (ஒரு பிகோலிட்டர் என்பது லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). விட்டம் ஒரே ஒரு மைக்ரான் குறைந்தாலும் கொள்ளளவு பத்தில் ஒரு பங்கு குறைந்து, அதே அளவு சுரக்கும் செல் கூடுதல் செறிவைக் காட்டும். தடங்களை வார்த்தெடுக்கும் அச்சின் முனை தேய்ந்து துளிகள் சிறிதும் பெரிதுமாக வரும் கருவியில், நீங்கள் பொறுக்கி எடுப்பது நல்ல செல்லை அல்ல, சிறிய துளியை.

இரண்டாவதாக, பத்துத் துளிக்கு ஒரு செல் என்ற அளவுக்கு நீர்த்து ஓட்டுகிறீர்களா என்று பாருங்கள். அப்போது துளிகளில் தொண்ணூறு சதவீதம் காலியாகத்தான் போகும், ஆனால் செல் உள்ள துளிகளில் ஏறத்தாழ 95 சதவீதத்தில் ஒன்றே ஒன்று இருக்கும். நேரத்தை மிச்சப்படுத்த அடர்த்தியைக் கூட்டினால், இரண்டு சுமாரான செல்கள் சேர்ந்து ஒரு வல்லவனைப் போல நடிக்கும்.

இவை இரண்டும் சரி என்றால் மட்டும் உயிரியைச் சந்தேகியுங்கள். ஒரு மில்லிலிட்டர் விதை வளர்ப்பிலிருந்து, அதே செல் அடர்த்தியில், ஒரு லட்சம் லிட்டர் கலனை நிரப்ப 27 முறை இரட்டிக்க வேண்டும். எரிபொருள் சுரப்பது செல்லுக்குச் சுமை. அந்தச் சுமையை இறக்கிவைத்த வாரிசு வேகமாகப் பெருகி மற்றவற்றை ஓரங்கட்டிவிடும். துளிக்குள் சில மணி நேரமே இருந்த செல்லுக்கு அந்த வாய்ப்பு வந்திருக்காது. ஆகவே, தேர்ந்தெடுத்தவற்றைக் கண்ணாடிக் குடுவையில் முப்பது தலைமுறை வளர்த்து, அதன் பிறகு வரும் சுரப்பை அளந்து வரிசைப்படுத்துங்கள்; முதல் வரிசையும் அந்த வரிசையும் எங்கே வேறுபடுகின்றன என்று எழுதினால் அடுத்த முறை தொடர்ந்து பேசலாம்.