புதிதாகக் கட்டிய மரச்சட்ட வீட்டில் மாடித் தரை கிறீச்சிடுகிறது. காய்ந்தால் சரியாகிவிடும் என்கிறார் பில்டர். நம்பலாமா?

பிரிட்டனில் புது வீட்டுக்குக் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது, மாடியில் கால் வைத்தாலே சத்தம், பில்டரோ "மரம் காயணும், பொறுங்க" என்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதிக்காக ஒன்றரை வருடம் அலைந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது எடின்பரோவுக்குப் பக்கத்தில், லிவிங்ஸ்டனில். ஸ்காட்லாந்தில் புதிதாகக் கட்டும் வீடுகளில் பெரும்பாலானவை மரச்சட்டம்தான். கான்கிரீட் தளத்திலேயே பிறந்து வளர்ந்த நமக்கு மாடித் தரை பேசும் என்பதே புது விஷயம். குழந்தையின் தொட்டிலுக்குப் போக நான் ஒரு பாதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்: சுவரை ஒட்டி மூன்று எட்டு, ஜன்னல் பக்கம் ஒரு தாண்டல். மதுரையிலிருந்து வந்த அம்மாவுக்கு அந்தப் பாதை தெரியாது. காலை நாலரைக்கு எழுந்து நடந்தார், வீடே எழுந்துவிட்டது. "முப்பது வருஷ லோன் போட்டு வாங்கின வீடு, மாட்டு வண்டி மாதிரி கத்துதேடா" என்றார்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று புரிய, கார்ப்பெட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். வரிசையாக மர உத்தரங்கள், இங்கே ஜாயிஸ்ட் என்பார்கள். புது வீடுகளில் அவை பெரும்பாலும் ஆங்கில 'ஐ' (I) எழுத்து வடிவில், மேலும் கீழும் கட்டை, நடுவில் மெல்லிய பலகையாக இருக்கும். அதன் மேல் 22 மி.மீ. சிப்போர்டு, அதாவது மரச் சீவலைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. ஒரு பலகையின் ஓரத்தில் நாக்கு, அடுத்ததில் அது போய் உட்காரும் பள்ளம். இந்த நாக்கு, பள்ளம் எல்லாவற்றிலும் பசை போட வேண்டும், உத்தரத்தின் மேலும் போட வேண்டும், அப்புறம் ஆணியோ ஸ்க்ரூவோ அடிக்க வேண்டும். அவசரத்தில் முதலில் விட்டுப்போவது பசை. அடுத்து, உத்தரத்தில் இறங்காமல் பக்கத்தில் வெற்றிடத்தில் போன ஆணிகள்.

இப்போது காய்வது பற்றி. கட்டும்போது மரத்தில் 20 சதவீதம் வரை ஈரம் இருக்கலாம். ஹீட்டிங் ஓடும் வீட்டில் அது ஏறத்தாழ பாதியாக இறங்கும். மரம் சுருங்கும், ஆணி அப்படியே நிற்கும். பலகைக்கும் உத்தரத்துக்கும் நடுவே தாள் அளவு இடைவெளி விழும். நீங்கள் மிதித்தால் பலகை இறங்குகிறது, எடுத்தால் ஏறுகிறது, ஆணியின் உடம்பு பலகையில் உரசுகிறது. ஆக, காய்ந்தால் சத்தம் போகாது. காய்வதால்தான் பல சத்தம் வருகிறது! விழுந்த இடைவெளி தானாக மூடாது. ஆனால் முதல் குளிர்காலம் முடியும் வரை பெரிய வேலையைத் தள்ளிப்போடுவதில் அர்த்தம் இருக்கிறது, இல்லாவிட்டால் அதே அறையை இரண்டு முறை பிரிக்க வேண்டியிருக்கும்.

வேலையைத் தள்ளிப்போடலாம், புகாரைத் தள்ளிப்போடாதீர்கள். இங்கே வழக்கமான பத்து வருட வாரன்டியில் முதல் இரண்டு வருடம்தான் இந்த மாதிரிக் குறைகள் பில்டர் பொறுப்பு. அதன் பிறகு பெரிய கட்டுமானக் கோளாறுகளைத்தான் பார்ப்பார்கள். கிறீச் சத்தத்தைக் கொண்டுபோனால் சிரிப்பார்கள். அறை அறையாக வீடியோ எடுத்து, தேதியோடு இமெயில் போடுங்கள். போனில் சொன்னது காற்றோடு போய்விடும்.

எங்களுக்கு முதலில் வந்த தச்சர் இருபது நிமிடத்தில் நாற்பது ஸ்க்ரூ இறக்கிவிட்டுப் போனார். இரண்டு வாரம் நிம்மதி, அப்புறம் பழையபடி. இரண்டாவதாக வந்தவர் வயதானவர். ஷூவைக் கழற்றிவிட்டு, என்னை நடக்கச் சொல்லி, மண்டிபோட்டுப் பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நான் மிதித்த இடத்தில் ஒன்றும் இல்லை, ஓரடி தள்ளி, இரண்டு பலகை சேரும் கோட்டில்தான் அசைவு. பாக்கெட்டிலிருந்து மெல்லிய பிளேடை எடுத்து அந்தக் கோட்டில் விட்டார். தடையே இல்லாமல் உள்ளே போயிற்று. பசை போட்டிருந்தால் பிளேடு நுழையாது, பிதுங்கிக் காய்ந்த பசையும் கோடு நெடுக ஒட்டியிருக்கும். எங்கள் கோடு துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது.

முன்னவர் போட்ட ஸ்க்ரூவையும் ஒன்று கழற்றிக் காட்டினார். தலை வரை மரை. அந்த மாதிரி ஸ்க்ரூ பலகையையும் கவ்வும், உத்தரத்தையும் கவ்வும், நடுவில் உள்ள இடைவெளி அப்படியே பூட்டப்பட்டுவிடும். தலைக்குக் கீழே கொஞ்ச தூரம் மரை இல்லாத ஸ்க்ரூதான் பலகையை இழுத்து உட்கார வைக்கும். 22 மி.மீ. பலகைக்கு 50 முதல் 55 மி.மீ. நீளம் போதும். பலகை மேல் ஒருவர் ஏறி நிற்க, பழைய ஆணிக்குப் பக்கத்தில், உத்தரத்தின் நடுக்கோட்டில், சுமார் 300 மி.மீ. இடைவெளியில் இறக்கினார். பசையில்லாத அந்த இணைப்பில் பலகைத் துண்டை அறுத்தெடுத்து, இரண்டு உத்தரங்களுக்கு நடுவே குறுக்குக் கட்டை பொருத்தி, பாலியூரித்தேன் பசை போட்டுத் திரும்ப மூடினார். அந்த ராத்திரி யாரும் அங்கே நடக்கக் கூடாது என்று உத்தரவு.

இதை நீங்களே செய்யலாமா என்றால், கைவாகு இருந்தால் ஸ்க்ரூ வேலை செய்யலாம். பில்டர் பொறுப்பில் இருக்கும் காலத்தில் மட்டும் செய்யாதீர்கள், நாளைக்கு "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்பார்கள். ஆணி வரிசைதான் உத்தரம் போகும் கோடு. அதை விட்டு விலகினால் கீழே வெற்றிடம், அதில் ஹீட்டிங் பைப், கரன்ட் வயர் எல்லாம் ஓடும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் குத்துமதிப்பாக ஒரு ஸ்க்ரூ இறக்கினார், கிச்சன் சீலிங்கில் தண்ணீர் கொட்டியது. பைப் இருக்கும் இடம் காட்டும் டிடெக்டர் ஒன்றை இரவல் வாங்கினாலும் சரி. 'ஐ' உத்தரத்தின் மேல்கட்டையை, கீழ்க்கட்டையை எதற்காகவும் வெட்டிவிடாதீர்கள், பாரத்தைத் தாங்குவதே அவைதான்.

கார்ப்பெட் மூலையிலிருந்து உரித்தால் கழன்று வரும், ஓரத்தில் உள்ள பட்டையில் ஊசி மாதிரி ஆணிகள் இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். திரும்ப இழுத்து விரிக்க ஆள் வேண்டும், அந்தக் கூலியும் பில்டர் தலையில்தான் என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். டால்கம் பவுடரை இடுக்கில் கொட்டினால் நிற்கும் என்று இணையத்தில் சொல்வார்கள். நானும் கொட்டினேன். மூன்று நாள் அறை மணத்தது, அவ்வளவுதான்.

இன்னொன்று: யாரும் நடக்காதபோது, ஹீட்டிங் போட்டதும் டிக் டிக் என்று கேட்டால் அது தரை இல்லை. சூட்டில் நீளும் பைப் மரத்தில் உரசுகிறது. எங்கள் பாத்ரூம் வாசலில் அதுதான் நடந்தது, துளையைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பைப்பைச் சுற்றித் துணிப்பட்டை செருகியதும் நின்றுவிட்டது.

இப்போது அலமாரிக்கு முன்னால் ஒரே ஒரு இடம் லேசாக முனகும். அதற்காக அலமாரியை நகர்த்திக் கார்ப்பெட்டைப் பிரிக்க எனக்குத் தெம்பில்லை, விட்டுவிட்டேன்.