விலகியவரின் ஓட்டு

அன்புள்ள ஐயா,

ரெட்மண்டில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். முதியோர் பராமரிப்புக்காக ‘டபிள்யூஏ கேர்ஸ்’ என்று சம்பளத்தில் ஒரு பிடித்தம் வரப்போகிறது என்று 2021இல் எங்கள் வாஷிங்டன் மாநிலத்தில் சொன்னார்கள். அந்த வருடம் நவம்பர் 1க்கு முன் தனியார் பாலிசி வாங்கியிருந்தால் விலக்கு. ஆபீசே ஓடியது, நானும் ஓடினேன். விலக்குக் கடிதம் கைக்கு வந்து ஒரு வருடம் கழித்து பாலிசியை நிறுத்திவிட்டேன். என் மனைவி பள்ளி வேலையில் சேர்ந்தது அதற்குப் பிறகுதான், அதனால் அவளுக்குப் பிடிக்கிறார்கள்.

2024 நவம்பரில் 2124ஆம் எண் முன்மொழிவு வந்தது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதுதான் அது. அவள் ‘யெஸ்’ போட்டாள். நான் ‘நோ’ போட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நண்பர்கள் வாட்ஸாப் குழுவில் மட்டும் உளறிவிட்டேன். “கப்பலிலிருந்து முதலில் குதித்தவன், மற்றவர்கள் குதிக்கக் கூடாது என்கிறான்” என்று ஒருவர் போட்டார். அது இன்னும் குத்துகிறது. நான் செய்தது தப்பா? இந்தக் கணக்கையெல்லாம் எங்களிடம் ஏன் கேட்கிறார்கள்? எம்எல்ஏக்கள் எதற்கு இருக்கிறார்கள்?

கே.

அன்புள்ள கே.,

பெயரைச் சுருக்கிவிட்டேன். உங்கள் மனைவி இதைப் படிப்பவராக இருந்தால் அது உதவாது என்பது வேறு விஷயம்.

முதலில் என் கதை. நான் உங்கள் பக்கத்து மாநிலமான ஓரிகனில், பீவர்ட்டனில் இருக்கிறேன். 2018 ஜனவரியில் எங்களுக்கு ஒரே ஒரு கேள்விக்காக ஒரு தேர்தல் நடந்தது, 101ஆம் எண். ஆஸ்பத்திரிகளுக்கு 0.7 சதவீதம், மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு 1.5 சதவீதம் என்று சட்டசபை வரி போட்டிருந்தது. ஏழைகளுக்கான அரசு மருத்துவத் திட்டமான மெடிக்கெய்டை நடத்தத்தான் அந்தப் பணம். அதை எதிர்த்துக் கையெழுத்து வாங்கி மக்களிடம் கொண்டுவந்தார்கள். யெஸ் என்றால் வரி இருக்கும், நோ என்றால் போகும். எங்களுக்கு வாக்குச்சாவடி கிடையாது, சீட்டு தபாலில் வரும். கூடவே வாதங்கள் அச்சிட்ட ஒரு புத்தகமும் வரும். 1,200 டாலர் கட்டினால் அதில் யார் வேண்டுமானாலும் தன் வாதத்தைப் போடலாம்.

சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தபோது எனக்கு ஒன்று விளங்கவில்லை. வரி கட்டப்போகும் ஆஸ்பத்திரிகளே ‘யெஸ் போடுங்கள்’ என்று கெஞ்சிக்கொண்டிருந்தன. அப்புறம்தான் புரிந்தது. மெடிக்கெய்டில் மாநிலம் தன் பங்கைப் போட்டால்தான் மத்திய அரசு தன் பங்கைப் போடும். புதிதாகச் சேர்க்கப்பட்டவர்கள் விஷயத்தில் அந்த வருடம் மத்திய அரசின் பங்கு 94 சதவீதம். ஆஸ்பத்திரி கட்டும் வரி, பெருகி, நோயாளியின் பில் தொகையாக அதே ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வரும். (இந்த வித்தைக்குத்தான் 2025இல் வாஷிங்டன் டிசியில் போட்ட சட்டம் கடிவாளம் போட்டிருக்கிறது. புதிதாக இப்படி வரி போட முடியாது, இப்படிப் புதிதாக ஆட்களைச் சேர்த்த மாநிலங்களில் இருக்கும் வரியின் உச்சவரம்பும் 2028 நிதியாண்டிலிருந்து படிப்படியாக 6 சதவீதத்திலிருந்து 3.5க்கு இறங்கும்.)

ஆனால் நான் சொல்ல வந்தது இதை அல்ல. எங்கள் தெருவில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்த ஒருவர் என்னிடம், “நீ யெஸ் போடுவது சுலபம்” என்றார். அவர் சொன்னது சரிதான். பெரிய கம்பெனிகள் தங்கள் ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தாங்களே ஏற்கின்றன, காப்பீட்டுக் கம்பெனி கணக்கு மட்டும்தான் பார்க்கும். அந்த ஏற்பாட்டுக்கு 1.5 சதவீத பிரீமிய வரி கிடையாது. நான் அப்படிப்பட்ட கம்பெனியில் இருந்தேன். சொந்தமாக பாலிசி வாங்கும் அவர் தலையில் அது விழும். நான் யெஸ் போட்டேன். ஓரிகனில் 62 சதவீதம் பேர் யெஸ் போட்டார்கள். அந்த மனிதர் அதன்பிறகும் என் சைக்கிளைச் சரிபார்த்துத் தந்தார், பேச்சு மட்டும் கொஞ்சம் குறைந்தது.

அடுத்தவர் கட்டும் வரிக்கு ஆதரவாக ஓட்டுப் போடுவது எல்லோருக்கும் சுலபம். நீங்கள் 2124க்கு ஓட்டுப் போட்ட அதே சீட்டில் 2109ம் இருந்தது, மூலதன ஆதாய வரியை நீக்கச் சொல்லி. பங்கு போன்றவற்றை விற்றதில் வருடத்துக்குச் சுமார் இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் மட்டும் அப்போது கட்டிய 7 சதவீதம் அது. நீக்க வேண்டாம் என்று 64 சதவீதம் பேர் சொல்லிவிட்டார்கள், அவர்களில் பெரும்பாலானோர் அந்த வரியைக் கண்ணால்கூடப் பார்க்கப்போவதில்லை. மறுபக்கம், 2016இல் கொலராடோவில் எல்லோருக்கும் மாநிலமே மருத்துவக் காப்பீடு தரும், அதற்குச் சம்பளத்தின் மேல் மொத்தம் 10 சதவீதம் வரி என்று கேட்டார்கள். 79 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அங்கே கை வைத்தது அவரவர் பாக்கெட்டில்.

அதனால்தான் உங்கள் 2124 எனக்கு விசித்திரமாகத் தெரிகிறது. அங்கே ஓட்டுப் போட்டவர்களில் நிறையப் பேருக்குத் தங்கள் சம்பளத்திலேயே 0.58 சதவீதம் போய்க்கொண்டிருந்தது. ‘ஓட் யெஸ், பே லெஸ்’ என்று வரியை எதிர்த்தவர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். நோ என்றால் வரி அப்படியே இருக்கும், யெஸ் என்றால் வேண்டாதவர் விலகிக்கொள்ளலாம். (எங்கள் 101இல் இது தலைகீழ். அங்கே யெஸ் போட்டால்தான் வரி இருக்கும்.) போதாததற்கு, வரியைத் தொடும் முன்மொழிவுகளில் எந்தத் திட்டத்துக்குப் பணம் குறையும் என்று வாக்குச்சீட்டிலேயே ஒரு வாக்கியம் எழுத வேண்டும் என்று 2022இல் உங்கள் சட்டசபை விதித்திருந்தது. அந்த வாக்கியம் வேண்டாம் என்று முன்மொழிந்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், எடுபடவில்லை. எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது, எனக்குப் பிடித்த பக்கத்துக்கு உதவியதால் பிடித்திருக்கிறதோ என்று சந்தேகமும் இருக்கிறது. எப்படியோ, 55 சதவீதம் பேர் நோ போட்டார்கள்.

அவர்கள் எதைக் காப்பாற்றினார்கள்? 2026 ஜூலையிலிருந்து, குளிக்க, உடுக்க, நடக்க போன்றவற்றில் மூன்றுக்காவது துணை வேண்டும் என்ற நிலை வந்தவருக்கு வாழ்நாளில் 36,500 டாலர். மணிக்கு 35 டாலர் என்று வைத்துக்கொண்டால், வாரம் 20 மணி நேரம் ஒரு ஆள் வந்து பார்த்துக்கொள்ள ஒரு வருடம் ஓடும். அவ்வளவுதான், பெரிய தொகை இல்லை. ஆனால் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேர் இந்தச் செலவைத் தராது. நம்மவர்களில் பலர் தரும் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மெடிக்கெய்டு தரும், கையில் உள்ளதை அநேகமாகக் கரைத்த பிறகு.

இப்போது கப்பல். அந்த உவமை தப்பு. என் அம்மா பன்னிரண்டு பேரை வைத்து ஏலச் சீட்டு நடத்தினார். முதல் மாதமே சீட்டை எடுத்துக்கொண்டு ஒருவர் ஊரைவிட்டுப் போனார். அவரைத் தெருவே திட்டியது. ஆரம்பத்திலேயே “எனக்கு வேண்டாம்” என்றவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. காப்பீட்டில் இது மாறிவிடுகிறது. ஒன்றும் எடுக்காமல் விலகுகிறவர்தான் அங்கே ஓட்டை. இளம் வயது, நல்ல உடம்பு, பெரிய சம்பளம் உள்ளவர் முதலில் போவார். இந்தப் பிடித்தத்துக்கு உச்சவரம்பு இல்லை. 1,80,000 டாலர் சம்பளக்காரர் வருடத்துக்கு 1,044 கட்ட வேண்டும், பள்ளி ஊழியர் அதில் பாதிகூடக் கட்டமாட்டார், இருவருக்கும் கிடைப்பது அதே 36,500. அந்த 1,80,000 ஆள் நின்றால்தான் கணக்கு நிற்கும். உங்களைப்போல் 2021இல் சுமார் 5 லட்சம் பேர் வெளியேறினார்கள். கூட்டம் தாங்காமல் பல கம்பெனிகள் அங்கே அந்த பாலிசி விற்பதையே நிறுத்தின. கதவைத் திறந்து வைத்தது சட்டம், அதன் வழியாகப் போன உங்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். அதே கதவைத்தான் 2124 நிரந்தரமாகத் திறந்து வைக்கப் பார்த்தது. அதில் ஒருமுறை நடந்துபோன உங்களுக்கு அது எவ்வளவு அகலம் என்று தெரியும். நோ போட உங்களுக்கு இருந்த தகுதி அதுதான் என்று நினைக்கிறேன்.

நீங்கள் முழுக்க வெளியேயும் இல்லை. அந்த நிதி மூழ்கினால் பாரம் மெடிக்கெய்டுக்குப் போகும். அதில் பாதியளவு மாநிலத்தின் பணம். வருமான வரி இல்லாத உங்கள் மாநிலத்தில் அது நீங்கள் கடையில் கட்டும் விற்பனை வரியிலிருந்துதான் பெருமளவு வரும்.

ஆனால் ஒன்று. உங்கள் நோ உங்களுக்கு இலவசம். உங்கள் மனைவியின் சம்பளம் மாதம் 6,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் அதில் 34 டாலர் 80 சென்ட் போகிறது. கணவர் தப்பித்துவிட்ட வீட்டில் தான் மட்டும் கட்டுகிறோம் என்று அவருக்குத் தோன்றாமல் இருக்குமா? கணக்குப்படி அவர் யெஸ் தப்பு என்றே நினைக்கிறேன். கோபம் நியாயம். எம்எல்ஏக்கள் எதற்கு என்றீர்களே, அந்தக் கதவைத் திறந்ததும் எம்எல்ஏக்கள்தான்.

அவரிடம் சொல்லிவிடுங்கள். மாதக் கடைசியில் மட்டும் வேண்டாம், சம்பளச் சீட்டு வரும் நாள்.